உதயகிரிக் கோட்டையில் ஒரு துப்பாக்கிப் பாடம்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற ரோட்டில், தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் புலியூர்க்குறிச்சி. அங்கே ஒரு குன்றைச் சுற்றி வளைத்து எழுப்பிய கருங்கல் கோட்டைதான் உதயகிரி. நம் கல்லூரியில் படித்தவர்களில் அந்த வழியாக ஒரு தடவையாவது பஸ்ஸில் போகாதவர்கள் இருக்க மாட்டார்கள். இறங்கி உள்ளே போய்ப் பார்த்தவர்கள்தான் குறைவு. இப்போது அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. உள்ளே கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயம் உண்டு. அதற்குள்ளே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து வெட்டிய ஒரு கல்லறை. 1777 ஜூன் 1-ஆம் தேதி இறந்த யூஸ்டாஷியஸ் பெனடிக்டஸ் டிலனாய் அங்கேதான் கிடக்கிறார். பக்கத்திலேயே அவருடைய மனைவியும், இளம் வயதில் போரில் இறந்த மகனும்.

டிலனாயைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர்கள் இல்லை. குளச்சல் போரில் பிடிபட்டவர், திருவிதாங்கூர் படைக்குத் தளபதியானவர், கோட்டைகள் கட்டியவர் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். வட்டக்கோட்டைக்குச் சுற்றுலா போகும்போதும் அவர் பேர் வரும். ஆனால் எழுதுகிறவர்கள் எல்லாரும் கோட்டையையும் பீரங்கியையும்தான் எழுதுகிறார்கள். அவர் செய்த முதல் வேலை அது இல்லை. அவர் முதலில் செய்தது வாத்தியார் வேலை. ஐரோப்பியப் படை முறை தெரியாத ஆட்களை நிறுத்தி, துப்பாக்கியை எப்படிப் பிடிக்கணும், எப்படி நிரப்பணும், எப்போ சுடணும் என்று சொல்லிக்கொடுத்தார்.

நான் சரித்திரம் படித்தவன் இல்லை, இன்ஜினியர். அதனால் எனக்கு எழுகிற கேள்வியும் வேறு மாதிரிதான். அந்தப் பாடத்தை எப்படி நடத்தியிருப்பார்கள்? ஒண்ணும் தெரியாத ஒருத்தனைச் சுடத் தெரிந்தவனாக மாற்றுவதற்கு என்னதான் வழி? நம் மாவட்டத்து மண்ணில் இருநூற்றெண்பது வருஷத்துக்கு மேலாக இந்தப் பாடம் ஏதோ ஒரு விதத்தில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கடைசியாக அது நம் கல்லூரி என்.சி.சி. வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இந்த மலரில் சொல்ல ஆசைப்படுகிறேன்.

தோற்றவர் வாத்தியாரான கதை

1741-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை குளச்சலில் இறங்கியது. மிளகு வியாபாரம்தான் காரணம். மலையாளக் கரை மிளகு முழுவதும் தங்கள் கைக்கு வர வேண்டும் என்று கம்பெனி நினைத்தது. மார்த்தாண்ட வர்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை. திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களின் மர அரணைச் சுற்றி வளைத்தது. உள்ளே வெடிமருந்து தீப்பற்றி, இருந்த அரிசியும் எரிந்துபோக, அந்த ஆகஸ்ட் மாதத்தில் அவர்கள் சரணடைந்தார்கள். பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

வேறொரு ராஜா என்றால் கைதிகளைச் சிறையில் போட்டிருப்பார், இல்லை பணம் வாங்கிக்கொண்டு விட்டிருப்பார். மார்த்தாண்ட வர்மா வேறு மாதிரி யோசித்தார். மெய்க்காவல் படையில் சில பிரிவுகளை மட்டும் டிலனாயிடம் ஒப்படைத்து, ஐரோப்பிய முறையில் பழக்கச் சொன்னார். அந்தச் சோதனை பலித்தது. பிறகு படை முழுவதும் அவர் கைக்கு வந்தது. 'வலிய கப்பித்தான்' என்ற பட்டமும் வந்தது. முப்பத்தாறு வருஷம், சாகும்வரை, இந்த ராஜ்யத்தை விட்டு அவர் போகவில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். டிலனாய் வருவதற்கு முன்னாலும் நம் ஆட்களுக்குச் சண்டை தெரியும். களரியில் சின்ன வயசிலேயே மெய்ப்பழக்கம் ஆரம்பித்துவிடும். வாள், பரிசை, ஈட்டி, வில் எல்லாம் பழகியவர்கள். திரி வைத்துச் சுடுகிற துப்பாக்கியும் அவர்களுக்குப் புதுசு இல்லை. குளச்சலில் ஜெயித்ததே அவர்கள்தானே! ஆனால் களரியில் பழகுவது தனி ஆளின் திறமை. ஒரு நல்ல ஆசானிடம் பத்து வருஷம் படித்த சீடன் ஒருத்தன் பத்து பேருக்குச் சமம். புதுத் துப்பாக்கிக்கு வேண்டியிருந்தது வேறு வகை. சுமாரான ஆட்கள் நூறு பேர் சில மாதங்களில் ஒரே மாதிரி வேலை செய்யப் பழக வேண்டும். இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

நாற்பது அசைவு

டிலனாய் வந்தது டச்சுப் படை மரபிலிருந்து. துப்பாக்கிப் பயிற்சியை ஒரு முறையான பாடமாக ஆக்கியதில் டச்சுக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நாசோ வம்சத்து இளவரசர்கள் 1594 வாக்கில் ஒரு யோசனையைக் கையில் எடுத்தார்கள். முன் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போய் நிரப்பட்டும். அதற்குள் அடுத்த வரிசை சுடட்டும். சூடு நிற்கவே கூடாது. சொல்ல லேசு. ஆனால் ஒவ்வொருத்தனும் அவனவன் வேகத்தில் நிரப்பினால் இது நடக்காது. அதனால் துப்பாக்கியை நிரப்பிச் சுடுகிற வேலையைச் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்தார்கள். 1607-இல் ஜேக்கப் டி கெய்ன் என்ற ஓவியர் அந்த அசைவுகளை ஒவ்வொன்றாகச் செதுக்குப் படமாக வரைந்து புத்தகம் போட்டார். கனத்த மஸ்கெட் துப்பாக்கிக்கு மட்டும் நாற்பதுக்கு மேற்பட்ட படங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் புரிகிற மாதிரியான பாடப்புத்தகம் அது. இன்றைக்கு ஒரு ஃபேக்டரியில் மெஷின் பக்கத்தில் படம் போட்டு ஒட்டுகிறோமே, அதற்கு முப்பாட்டன் என்று சொல்லலாம்.

டிலனாய் காலத்துத் துப்பாக்கி தீக்கல் வைத்தது. அதில் வேலை கொஞ்சம் குறைவு, ஆனாலும் நிறையவே உண்டு. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைப் பற்றுக்கிண்ணியில் போட்டு மூட வேண்டும். மீதி மருந்தைக் குழல் வாய் வழியே கொட்டி, குண்டையும் காகிதத்தையும் போட்டு, கம்பியால் இடித்து இறக்க வேண்டும். கம்பியை எடுத்து மறுபடி அதன் இடத்தில் செருக வேண்டும். பிறகுதான் சுத்தியலை இழுத்து, தோளில் வைத்து, சுட முடியும். நன்றாகப் பழகியவன் ஒரு நிமிஷத்தில் மூணு தடவை சுடுவான். பழகாதவன் இடித்த கம்பியை எடுக்காமலேயே சுட்டுவிடுவான். கம்பி பறந்துபோகும், அன்றைக்கு அவன் சண்டை முடிந்தது. நம் ஊர் மழையைக் கேட்கவே வேண்டாம். ரெண்டு பருவமழையும் பெய்கிற இடம் இது. மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் கம்பு.

பதற்றம் ஆளை என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு சான்று. 1863-இல் கெட்டிஸ்பர்க் போர் முடிந்த பிறகு களத்தில் கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். 27,000-க்கும் மேல் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவை குண்டு நிரப்பியபடியே கிடந்தன. பாதி அளவுக்கு ஒன்றுக்கு மேல் நிரப்பியவை. ஒரு துப்பாக்கியில் 23 தடவை நிரப்பியிருந்ததாம்! முதல் குண்டு வெடிக்கவில்லை என்பதுகூடத் தெரியாமல், சத்தத்திலும் புகையிலும் அந்தச் சிப்பாய் மேலே மேலே இடித்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவனைக் கோழை என்று சொல்ல முடியுமா? கை ஒரு வேலையும் மூளை ஒரு வேலையும் செய்தது, அவ்வளவுதான். அசைவுகளைப் பிரித்து, எண்ணிச் சொல்லி, ஆயிரம் தடவை செய்யவைப்பதெல்லாம் இதற்காகத்தான். பயம் வரும்போது மூளை ஓடிப்போனாலும் கை ஓடக்கூடாது.

குறியில்லாத துப்பாக்கி

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். இவ்வளவு பயிற்சியில் குறி பார்ப்பது எங்கே? அந்தக் காலத்து மஸ்கெட்டில் குறி பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. நுனியில் ஒரு சின்ன முனை இருக்கும், அதுவும் பயனெட் மாட்டுவதற்காக வைத்தது. பின்பக்கத்தில் குறிக்காடியே கிடையாது. குண்டு குழலைவிடச் சின்னது. கரி படிந்த குழலுக்குள்ளும் சீக்கிரம் இறங்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதனால் குண்டு உள்ளேயே அங்கும் இங்கும் தட்டித் தட்டி, கடைசியில் எந்தப் பக்கம் தட்டியதோ அதற்கேற்ப வெளியே போகும். எண்பது கெஜத்தில் ஒரு ஆளை அடிக்கலாம், நூறிலும் ஒருவேளை அடிக்கலாம், இருநூறு கெஜத்தில் குறி பார்ப்பதும் சந்திரனைப் பார்த்துச் சுடுவதும் ஒன்றுதான் என்று ஜார்ஜ் ஹேங்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1814-இல் எழுதினார்.

ஏன் இப்படி ஆகிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் பெஞ்சமின் ராபின்ஸ். குளச்சல் போருக்கு அடுத்த வருஷம், 1742-இல், அவருடைய பீரங்கி இயல் நூல் லண்டனில் வெளிவந்தது. சுழன்றுகொண்டு போகிற குண்டைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுகிறது என்பதை அவர் பரிசோதனையில் காட்டினார். ஒரு குழலின் நுனியை வேண்டுமென்றே இடப்பக்கம் வளைத்து வைத்துச் சுட்டார். குண்டு முதலில் இடப்பக்கம் போய், பிறகு திரும்பி வலப்பக்கம் கடந்துபோனது! வழியில் கட்டியிருந்த காகிதத் திரைகளில் விழுந்த ஓட்டைகள் அதற்குச் சாட்சி. கிரிக்கெட்டில் சுழற்பந்து காற்றில் விலகுவதும் இதே சங்கதிதான். குழலுக்குள் மரை வெட்டி, குண்டை ஒரே அச்சில் சுழலவிட்டால் நேராகப் போகும் என்றும் அவர் சொன்னார். மரை வெட்டிய அந்தத் துப்பாக்கியைத்தான் இன்று ரைஃபிள் என்கிறோம். இந்த ராபின்ஸ் கடைசியில் எங்கே இறந்தார் தெரியுமா? நம்ம கடலூர் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டையில், 1751-இல். கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிட வந்த இன்ஜினியர் அவர். உதயகிரியில் டிலனாய் படையைப் பழக்கிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், இதே தமிழ்க் கரையின் இன்னொரு கோட்டையில், துப்பாக்கியின் அடுத்த நூற்றாண்டைக் கணித்தவர் கண்ணை மூடினார்.

ரைஃபிள் எல்லாச் சிப்பாய் கைக்கும் வர இன்னும் நூறு வருஷம் இருந்தது. அதுவரை ஒரு குண்டை நம்ப முடியாது. அதனால் நூறு குண்டைச் சேர்த்து நம்பினார்கள். தனி ஆளின் குறி தப்பும், ஆனால் ஒரு வரிசை ஒரே சமயத்தில் ஒரே உயரத்தில் சுட்டால் எதிரே இருப்பவன் தப்புவது கஷ்டம். 'எல்லாரும் ஒரே மாதிரி' என்பதுதான் அந்தக் காலத்துக் குறி.

இருபது பேர்

பாடம் பலித்ததா என்பதற்கு விடை வாத்தியார் இறந்து பன்னிரண்டு வருஷம் கழித்துத்தான் வந்தது.

இடைக்காலத்தில் காயங்குளம், அம்பலப்புழை என்று ராஜ்யம் வடக்கே பரவியது. 1753 மாவேலிக்கரை உடன்படிக்கையில் டச்சுக் கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. வருஷத்துக்கு 12,000 ரூபாய்க்கு ஆயுதம் கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டது. பார்த்தீர்களா, ஒரு காலத்தில் துப்பாக்கியோடு வந்து இறங்கியவர்களே துப்பாக்கி சப்ளை செய்கிறவர்கள் ஆனார்கள். கார்த்திகைத் திருநாள் ராம வர்மா காலத்தில் வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை எழுந்தது. அந்த வேலையையும் நடத்தியவர் டிலனாய்.

1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தான் அந்த நெடுங்கோட்டையைத் தாக்கினார். மைசூர்ப் படை ஒரு பக்கமாக உள்ளே புகுந்தே விட்டது. சுவரை ஒட்டி முன்னேறியது. அந்த நேரத்தில் மறைவிலிருந்து சுமார் இருபது திருவிதாங்கூர் வீரர்கள், ஒழுங்காக, ஒரே வீச்சாக, பக்கவாட்டில் சுட்டார்கள். முன்னால் வந்த அதிகாரி விழுந்தார். முன்வரிசை கலைந்து பின்னால் திரும்ப, பின்னால் வந்தவர்கள் முன்னால் தள்ள, பெரும் படை குழம்பி அகழிக்குள்ளே விழுந்தது. அன்றைய தாக்குதல் அத்தோடு முறிந்தது.

அந்த இருபது பேரின் பெயர் எந்தச் சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. விவசாயி மகனோ, களரி ஆசான் மகனோ யார் கண்டது. பெரிய குறிகாரர்களாக இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தனித்தனியாகப் படபடவென்று சுட்டிருந்தால் அது வெறும் பட்டாசுச் சத்தம். காத்திருந்து, சேர்ந்து சுட்டார்கள், அதுதான் அன்றைக்கு முடிவை மாற்றியது. ஒரு வாத்தியாருக்கு இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடையாது. (1790-இல் திப்பு பீரங்கிகளோடு மறுபடி வந்து நெடுங்கோட்டையை உடைத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி எல்லாவற்றையும் வெல்லாது.)

பயிற்சி விட்டுப்போனால் என்ன ஆகும்

அதற்குப் பின் வந்த இருபது வருஷம் சோகமானது. 1795-லும் 1805-லும் செய்த உடன்படிக்கைகளால் ராஜ்யத்தின் பாதுகாப்பு ஆங்கிலக் கம்பெனியின் படையிடம் போனது. அதற்குப் பணம் கட்டுவது நம் வேலை ஆனது. 1804-இல் படி நிறுத்தப்பட்டதற்காகச் சொந்தப் படையே கலகம் செய்தது. காவலை வெளியாளிடம் குத்தகைக்கு விட்டபின் சொந்த வீட்டில் யார் பயிற்சி எடுப்பார்கள்? 1809-இல் நம் தலக்குளத்துக்காரர் வேலுத்தம்பி தளவாய் எழுந்து நின்றபோது காலம் கடந்திருந்தது. பிப்ரவரி 10-ஆம் தேதி ஆரல்வாய்மொழி அரண் விழுந்தது. சில நாளில் உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையில்லாமல் கைமாறின. பிறகு திருவிதாங்கூர்ப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. பாடம் நடந்த பள்ளிக்கூடமே பாடத்தைக் காப்பாற்றவில்லை.

பின்னால் நாயர் பிரிகேட் என்ற பெயரில் சிறு படை வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு திருவிதாங்கூர்ப் படையின் பிரிவுகள் இந்திய ராணுவத்தின் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தன. அதன் 9-ஆவது, 16-ஆவது பட்டாலியன்கள் அந்த வழி வந்தவை. இன்று நம் மாவட்டத்துப் பையன் ஒருத்தன் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தால் நீலகிரியில் வெலிங்டனுக்குப் போய்ப் பயிற்சி எடுக்கிறான். அவன் கையில் இருப்பது மரை வெட்டிய ரைஃபிள். இங்கேதான் பாடத்துக்கு ஒரு புது அத்தியாயம் சேர்கிறது.

குரூப்பிங் முதலில், ஜீரோயிங் பிறகு

அந்த அத்தியாயத்தின் முதல் பக்கத்தை நம்மில் பலர் படித்திருக்கிறோம். தேசிய மாணவர் படை 1948-இல் சட்டம் போட்டு ஆரம்பித்தது. சீனப் போருக்குப் பிறகு 1963-இல் கல்லூரி மாணவர்களுக்கு அதைக் கட்டாயம் ஆக்கினார்கள். 1968-இல் மறுபடி விருப்பப் பாடம் ஆனது. அந்தக் கட்டாய வருஷங்களில் படித்த அண்ணாச்சிமார் சிலர் இந்தச் சந்திப்புக்கும் வருவார்கள். காக்கிச் சட்டைக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக நின்ற கதையை அவர்களிடம் கேளுங்கள். எங்கள் காலத்தில் .22 ரைஃபிள்தான். இருபத்தஞ்சு மீட்டரில் டார்கெட், தரையில் படுத்து ஆளுக்கு ஐந்து தோட்டா.

பாடம் இந்தியில் மூன்று வார்த்தை: மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், துருஸ்த் டிரிக்கர் ஆபரேஷன். உறுதியான பிடி, சரியான குறி, சரியான விசை. கேம்ப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஹவில்தார் நம்ம மாவட்டத்துக்காரர். ஒரு நாள் எங்கள் கூட்டத்தில் ஒருத்தன் சுட்டதில் ஒரு குண்டு நடு வட்டத்தில் பாய்ந்திருந்தது. மற்ற நாலும் கோழிக்கு இறைத்த அரிசி மாதிரி. எல்லாரும் கைதட்டினோம். அடுத்தவனுடைய ஐந்தும் கீழே இடது மூலையில், ஒரு எலுமிச்சங்காய்க்குள் அடங்குகிற மாதிரி விழுந்திருந்தன. நடுவில் ஒண்ணுகூட இல்லை. ஹவில்தார் ரெண்டு காகிதத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, "எலே மக்கா, இவனுக்கு அடிச்சது அதிர்ஷ்டம். இந்தா இவன்தான் சுடத் தெரிஞ்சவன். இவன் தப்ப நான் ஒரு நிமிஷத்துல திருத்திருவேன். உன் தப்ப யாராலயும் திருத்த முடியாது, ஏன்னா அது எங்க இருக்குன்னே தெரியாதே" என்றார்.

குரூப்பிங் என்பது இதுதான். முதலில் ஒரே இடத்தில் அடி, எந்த இடமானாலும் சரி. கன்னத்தை ரைஃபிள் கட்டையில் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் வை. தோளில் ஒரே இடத்தில் அழுத்து. மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்து. விசையை இழுக்காதே, மெதுவாக அழுத்து. வெடிச் சத்தத்தை எதிர்பார்த்துத் தோளைச் சுருக்காதே. புது ஆளுக்கு இந்தக் கடைசி வியாதிதான் பெரிசு. அதற்கு ஒரு பழைய வைத்தியம் உண்டு. தோட்டா இல்லாத துப்பாக்கியின் குழல் நுனியில் ஒரு காசை வைத்து விசையை அழுத்தச் சொல்வார்கள். காசு விழுந்தால் நீ இன்னும் ரேஞ்சுக்குத் தயாரில்லை.

குரூப் நெருங்கிவிட்டதா? அப்புறம்தான் ஜீரோயிங். ஐந்து ஓட்டைக்கும் நடுப்புள்ளியைக் கண்டுபிடி. அது டார்கெட்டின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அள. பிறகு குறிமுனையை நகர்த்து. ஃபோர்சைட் என்கிற முன் குறிமுனைக்கு ஒரு விதி: தப்பு எந்தப் பக்கமோ, முனையை அந்தப் பக்கமே நகர்த்து. கேட்டால் தலைகீழாகத் தோன்றும். குண்டு இடப்பக்கம் போகிறது, முனையையும் இடப்பக்கம் தள்ளுவதா? ஆமாம். இடப்பக்கம் தள்ளிய முனையை மறுபடி கண்ணுக்கு நேரே கொண்டுவர வேண்டும் என்றால் குழலை வலப்பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். குண்டும் வலப்பக்கம் வரும். மேலே போனால் முனையை உயர்த்து, அதே காரணம்தான்.

கணக்கும் சுலபம். முன் குறிக்கும் பின் குறிக்கும் நடுவே 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 25 மீட்டர் அதைப்போல் 50 மடங்கு. ஆகவே முனையை 1 மி.மீ. நகர்த்தினால் டார்கெட்டில் 50 மி.மீ., அதாவது 5 செ.மீ. நகரும். அதுவே 100 மீட்டரில் 20 செ.மீ. பத்தாம் வகுப்பில் படித்த வடிவொத்த முக்கோணம்தான், வேறொன்றுமில்லை. புவியீர்ப்பும் தன் பங்கைக் கேட்கும். பழைய .303 ரைஃபிளின் குண்டு வினாடிக்கு 740 மீட்டருக்கு மேல் வேகமாகக் கிளம்பினாலும் 100 மீட்டர் போவதற்குள் சுமார் 10 செ.மீ. இறங்கிவிடும். அதனால் குழல் எப்போதும் பார்வைக் கோட்டைவிடச் சற்று மேல் நோக்கியே இருக்கும்படி குறி அமைப்பார்கள்.

இன்னொன்று. ஒருத்தன் ஜீரோ செய்த ரைஃபிள் இன்னொருத்தனுக்குச் சரியாக வராமல் போகலாம். அவன் கண் வேறு, கன்னம் வைக்கிற இடம் வேறு, பிடி வேறு. ஆளும் ரைஃபிளும் சேர்ந்துதான் ஒரு ஜோடி. டிலனாய் காலத்தில் 'எல்லாரும் ஒரே மாதிரி' என்று இருந்தது, ரைஃபிள் காலத்தில் 'அவனவன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி' என்று மாறியிருக்கிறது. துப்பாக்கி மாறியிருக்கிறது, பாடத்தின் உயிர் மாறவில்லை.

இது எனக்குத் தொழிலிலும் உதவியிருக்கிறது. ஒரு லேத் மெஷின் பத்துத் துண்டையும் 0.2 மி.மீ. பெரிதாக வெட்டினால் கவலையே இல்லை, ஒரு திருகில் சரியாகிவிடும். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, நடுவில் ஒன்று மட்டும் மிகச் சரி என்றால்தான் தலைவலி. புதிதாக வேலைக்கு வருகிற பையன்களிடமும் இதையேதான் பார்க்கிறேன். ஒரே தப்பைத் தொடர்ந்து செய்கிறவனைத் திட்டுகிறோம், உண்மையில் சீக்கிரம் தேறுகிறவன் அவன்தான்.

குறி யார் மேல்

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிப்பது நியாயமில்லை. டிலனாய்க்கு நண்பர் ஒருவர் இருந்தார். அரசாங்க அதிகாரி நீலகண்ட பிள்ளை. டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார். பல வருஷச் சிறைவாசத்துக்கும் சித்திரவதைக்கும் பிறகு, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் திருவிதாங்கூர்ச் சிப்பாய்கள். 2022 மே 15-ஆம் தேதி ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை நம் மாவட்டமே கொண்டாடியது.

வாத்தியார் பழக்கிய படையின் துப்பாக்கி வாத்தியாரின் நண்பர் நெஞ்சுக்கே திரும்பியது. சொன்ன உடனே, ஒரே மாதிரி, யோசிக்காமல் செய்யப் பழகிய கை, சொல்கிறவன் தப்பாகச் சொன்னாலும் அப்படியே செய்யும். நெடுங்கோட்டையில் ராஜ்யத்தைக் காத்ததும் இதே பழக்கம்தான், காற்றாடிமலையில் நிரபராதி ஒருவரைக் கொன்றதும் இதே பழக்கம்தான். குறிமுனையைத் திருத்த ஒரு திருகு போதும். யாரைக் குறி பார்ப்பது என்று முடிவு செய்கிறவனைத் திருத்த அப்படி ஒரு திருகு கிடையாது. அதற்குப் படிப்பும் சட்டமும் மனசாட்சியும்தான் வேண்டும். துப்பாக்கிப் பயிற்சியைக் கல்லூரிக்குள் வைத்ததில் ஒரு நல்லது உண்டென்றால், அது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சுடுவதைப் படிக்கிற அதே பையன், அடுத்த மணி நேரத்தில் வேறு வகுப்பில் உட்கார்ந்து 'ஏன்' என்று கேட்கவும் படிக்கிறான்.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் சங்கம் கூடுகிற இந்த வருஷம், என்.சி.சி. பிரிவும் வரலாற்றுத் துறையும் சேர்ந்து ஒரு சனிக்கிழமை உதயகிரிக்குப் போய் வரலாம். பத்மநாபபுரம் அரண்மனையும் பக்கம்தான். கல்லறை எழுத்தைப் படியுங்கள், கோட்டைச் சுவரை நடந்து அளந்து பாருங்கள். அங்கே கவாத்து பழகிய பெயர் தெரியாத ஆட்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். பரீட்சையோ வேலையோ ரேஞ்சோ, முதல் முயற்சியிலேயே நடு வட்டத்தில் விழவில்லை என்று மனசு தளர வேண்டாம். ஐந்தும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால், மீதியைத் திருத்திக்கொள்ள ஒரு திருகு போதும்.